அரை வசனம் ஆகாது

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், உயர்தர வகுப்பில் தமிழ்ப் பாடம் முடிந்து மணியடித்த பின்னரும் ஒரு மாணவன் எழுந்து போகாமல் நின்றுகொண்டிருந்தான். ஏனையோர் வெளியேறும் வரை காத்திருந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து என் மேசைமீது வைத்தான். திருக்குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்த வாக்கியம் ஒன்று அதில் எழுதப்பட்டிருந்தது. இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லுமாறு பணிக்கும் வாக்கியம் அது.

"சேர், இது உண்மையாகவே அந்த நூலில் இருக்கிறதா?" என்று கேட்டான்.

"இருக்கிறது" என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. பிறகுதான் செய்தி வெளிவந்தது. யாரோ ஒருவர் அவ்வாக்கியத்தை அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவன் அதனை, நான்கு ஆண்டுகளாகத் தன்னோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கும் முஸ்லிம் நண்பனிடம் நீட்டி, "உங்கள் வேதம் எங்களைப் பற்றிச் சொல்வது இதுதானா?" என்று கேட்டிருக்கிறான். நண்பன் மறுமொழி கூறவில்லை. அன்றிலிருந்து வேறு வாங்கிற் போய் இருக்கிறானாம்.

"இருக்கிறது என்றுதான் சொன்னேன், அவ்வளவுதான் இருக்கிறது என்று சொல்லவில்லையே. அடுத்த கிழமை இந்தத் தாளோடு வா. அதற்குள் நானும் முறையாகப் படித்துப் பார்க்கிறேன்" என்று கூறி அவனை அனுப்பினேன்.

நான் சைவக் குடும்பத்திற் பிறந்தவன். அரபு மொழி கற்றவனுமல்லேன். ஆயினும், பழைய நூலொன்றை எவ்வாறு படித்தல் வேண்டும் என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்பதே என் தொழில். ஆகவே, எங்கள் ஊரில் வாழும் மௌலவி ஒருவரை அணுகினேன். அவர் அன்போடு உரைநூல்களை எடுத்து வைத்து, "மாஸ்டர், முதலில் அந்த வசனத்தை விட்டுவிடுங்கள். எங்கள் ஆலிம்கள் குர்ஆனை எப்படிப் படித்தார்கள் என்று பாருங்கள். பிறகு அந்த வசனத்துக்கு வருவோம்" என்றார். அவ்வழியிற் சென்று நான் அறிந்துகொண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

பேசப்பட்ட நூல்

திருக்குர்ஆனை முதன்முறை கையிலெடுக்கும் நம்மவர், இதிகாசங்களைப் போலத் தொடக்கமும் முடிவும் உள்ள கதையொன்றை எதிர்பார்க்கக்கூடும்; அல்லது திருக்குறளைப் போல அதிகாரம் அதிகாரமாகப் பகுத்த அறநூலொன்றை எதிர்பார்க்கக்கூடும். இரண்டும் அங்கு இல்லை. அந்நூல் 114 அத்தியாயங்களை உடையது. முதலில் ஒரு சிறு தோற்றுவாய். அதன்பின் பெரும்பாலும் நீண்டவை முன்னும் குறுகியவை பின்னுமாக அவை அமைந்திருக்கின்றன. அருளப்பட்ட கால ஒழுங்கில் அவை வைக்கப்படவில்லை. முதன்முதல் அருளப்பட்டவை என மரபு கூறும் வசனங்கள் 96ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன என்றால் பாருங்களேன்!

கி.பி. 610 தொடக்கம் 632 வரை, ஏறக்குறைய 23 ஆண்டுகளாக, சிறிது சிறிதாக அவ்வசனங்கள் முஹம்மது நபியவர்களுக்கு அருளப்பட்டன என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. மக்காவில் எதிர்ப்புக்கும் ஏளனத்துக்கும் இடையே வந்தவை ஒரு பகுதி. நபியவர்கள் 622இல் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தபின், குடும்பம், வழக்கு, உடன்படிக்கை, போர் என்று ஒரு சமூகத்தின் வாழ்வு விரிந்தபோது வந்தவை மற்றொரு பகுதி. 'குர்ஆன்' என்னும் சொல்லே ஓதுதல் என்னும் பொருளை உடையது. அது முதலிற் செவிகளுக்கே வந்தது. கேட்டவர்களுக்கு நடந்தது என்னவென்று தெரியும். ஆதலின் நடந்ததை விவரியாமல் நேரே பேசுவது அந்நூலின் இயல்பு.

ஒருவர் எழுதிய பதிற்கடிதத்தை மட்டும் நாம் கண்டெடுத்தோமென்று வைத்துக்கொள்வோம். எந்தக் கடிதத்துக்கு அது பதில் என்று அறியாதபோது, 'வேண்டாம்' என்ற சொல் எதனை வேண்டாமென்கிறது என்று எவ்வாறு தெரியும்? இந்தத் தேவையை முஸ்லிம் அறிஞர் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். எந்த வசனம் எந்நிகழ்ச்சியை ஒட்டி வந்தது என்று ஆராய்வதற்குத் தனிக் கலையொன்றையே வளர்த்தனர். 'அஸ்பாபுந் நுஸூல்', அதாவது அருளப்பட்டமைக்கான காரணங்கள், என்பது அதன் பெயர். நிஷாப்பூரைச் சேர்ந்தவரும் 1076இல் மறைந்தவருமான அல்வாஹிதி அப்பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். எகிப்து நாட்டறிஞர் ஸுயூத்தி (1445–1505), குர்ஆனியற் கலைகளைத் தொகுத்த தமது 'அல்இத்கான்' என்னும் பெருநூலில் இதற்கும் இடமளித்தார்.

பார்வையற்றவர் வந்த வேளை

80ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் முகஞ் சுளித்துத் திரும்பிக்கொண்டார், பார்வையற்றவர் ஒருவர் தம்மிடம் வந்ததனால், என்று அது தொடங்குகிறது. முகஞ் சுளித்தவர் யார்? வந்தவர் யார்? ஒரு பெயரும் அங்கில்லை.

மரபு கூறும் நிகழ்ச்சி இது. மக்காவிலே குறைஷிக் குலத்துப் பெருந்தலைவர்களோடு நபியவர்கள் ஊக்கத்துடன் உரையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இசைந்தால் அவர்களைப் பின்பற்றிப் பலர் இசைவர் என்னும் நிலை. அவ்வேளையில் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் என்னும் பார்வையற்ற எளியவர் வந்து, தமக்குக் கற்பிக்குமாறு இடையே கேட்டார். நபியவர்களின் முகத்தில் ஒரு சுளிப்புத் தோன்றியது. அதனைக் கடிந்தே அவ்வசனங்கள் வந்தன. தனக்குத் தேவையில்லையென்று இறுமாந்திருப்பவனை நாடிச் செல்வதும், தேடி ஓடிவந்தவனைப் புறக்கணிப்பதும் தகுமா என்பதே அவற்றின் கருத்து.

இங்கே சொல்லமைப்பைக் கவனித்தல் வேண்டும். முதலிரண்டு வசனங்களும் படர்க்கையில் அமைந்துள்ளன. எவரோ வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கின்றன. மூன்றாவது வசனத்தில் பேச்சுத் திடீரென முன்னிலைக்குத் திரும்பி, 'உமக்கு' என்று நேருக்கு நேர் வினவுகிறது. அரபு அணியிலார் இதனை 'இல்திஃபாத்', அதாவது முகந்திருப்புதல், என்பர். நன்னூல் கற்ற மாணவருக்கு இடவழுவமைதி நினைவுக்கு வரும். தொடக்கத்திலே படர்க்கை வைத்தது கண்டிப்பை மென்மையாக்குதற்கே என்று சில உரையாசிரியர் கூறுவர். பின்னர் முன்னிலைக்குத் திரும்பியது கண்டிப்பை மிகுவித்தற்கே என்று வேறு சிலர் கூறுவர். நிகழ்ச்சியை அறியாதவனுக்கோ இத்திருப்பம் வெறும் இலக்கணக் குழப்பமாகவே தோன்றும்.

ஷீஆ உரையாசிரியர் பலர், முகஞ் சுளித்தவர் நபியவர்களல்லர், அங்கிருந்த வேறொருவரே என்பர் என்பதையும் குறிப்பிடல் வேண்டும். சூழ்நிலையை வேறாகக் கொண்டால் 'அவர்' என்னும் ஒரு சொல்லின் பொருளே வேறாகிவிடுகிறதன்றோ?

ஆயினும் வசனத்தை அந்த ஒரு நாளிலேயே கட்டிவைத்துவிடலாமா? அதற்கும் அவ்வறிஞர் விடை கண்டிருந்தனர். காரணம் தனிப்பட்டதாயினும், சொல் பொதுவாக அமைந்திருப்பின் பொதுப்பொருளே கொள்ளத்தக்கது என்பது அவர்களுட் பெரும்பாலோர் ஏற்ற விதி. ஒரு பார்வையற்றவர் பொருட்டு வந்த கண்டிப்பு, ஏழை மாணவனைக் காக்கவைத்துவிட்டுப் பெரியமனிதரின் மகனோடு சிரித்துப் பேசும் ஆசிரியன் எவனையும் சுடும். நானும் ஆசிரியன்; இப்பகுதியைப் படித்தபோது என் நெஞ்சமும் சற்றுச் சுட்டது.

தொழுவோர்க்குக் கேடா?

அடுத்து, ஏழே குறு வசனங்களைக் கொண்ட 107ஆம் அத்தியாயம். அதன் நான்காம் வசனம் தொழுகின்றவர்களுக்குக் கேடு உண்டாகுமெனக் கூறி முடிந்துவிடுகிறது. அங்கேயே நிறுத்திவிட்டால், தொழுகையைக் கட்டளையிடும் வேதமே தொழுவோரைச் சபிப்பதாக ஆகிவிடும்! ஐந்தாம் வசனத்தைப் படித்தால்தான், தம் தொழுகையைப் பற்றிய கவனமே இல்லாதவர்களை அது குறிக்கிறது என்று தெரியும். தொடர்ந்து, பிறர் காணவே தொழுவோரும் சிறு உதவியையும் மறுப்போரும் சுட்டப்படுகின்றனர். முன்னே திரும்பிப் பார்த்தால், அநாதையை விரட்டுபவனையும் ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் பற்றிய பேச்சு நடந்திருக்கிறது. ஆகவே, கேடு தொழுகைக்கு அன்று. இரக்கமில்லாத வெளிவேடத் தொழுகைக்கே.

இந்த நிறுத்தம் தற்செயலானதெனத் தோன்றவில்லை. தொழுகின்றவர்களுக்கா கேடு என்று கேட்போன் ஒருகணம் திடுக்கிடுகின்றான். அத்திடுக்கத்தோடே அடுத்த வசனத்தைக் கேட்கின்றான். தன் தொழுகை எத்தகையது என்று தன்னைத்தானே வினவுகின்றான். அடுத்த வசனத்தை வெட்டி எறிந்தவனுக்குத் திடுக்கம் மட்டுமே மிஞ்சும். அரைகுறையாக மேற்கோள் காட்டுவோரை மடக்குதற்கு முஸ்லிம்களே எடுத்துக்காட்டும் இடம் இதுவென்று மௌலவி சிரித்துக்கொண்டே சொன்னார்.

வேளைக்கேற்ற சொல்

சொல்வன்மை என்பது யாது? அரபு அணியிலார் இதற்குக் கூறும் இலக்கணம் சிந்திக்கத் தக்கது. பேச்சானது பிழையற்றதாய் இருப்பதோடு, நிலைமை வேண்டுவதற்குப் பொருந்தி அமைவதே சொல்வன்மை என்பர் அவர். எல்லா இடத்துக்கும் அழகான சொல் என்று ஒன்றில்லை. ஐயுறுவோனிடம் பேசும் வாக்கியம் வேறு; மறுப்போனிடம் ஆணையிட்டுப் பேசும் வாக்கியம் வேறு.

11ஆம் நூற்றாண்டிலே, காஸ்பியன் கடலை அடுத்த ஜுர்ஜான் நகரில் வாழ்ந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி என்னும் பேரறிஞர் இதனை ஆழமாக ஆராய்ந்தார். குர்ஆனின் அழகு தனிச் சொற்களில் இல்லை. ஒரு சொல் மற்றொரு சொல்லோடு இணைந்து நிற்கும் 'நஸ்ம்' என்னும் கோப்பிலேயே இருக்கின்றது என்பது அவர் கொள்கை. 11ஆம் அத்தியாயத்தில் வெள்ளம் வடிந்ததைக் கூறும் 44ஆம் வசனத்தை அவர் சான்றாகக் காட்டுவார். பூமியை நோக்கித் தன் நீரை விழுங்குமாறும், வானத்தை நோக்கி ஓயுமாறும் ஆணை பிறக்கின்றது. ஆணையிட்டவர் யாரென்று வசனம் பெயர் கூறவில்லை. கூறப்பட்டது, வற்றுவிக்கப்பட்டது, முடிக்கப்பட்டது என்று செயப்பாட்டு வினைகளே அடுத்தடுத்து நிற்கின்றன. அத்தகைய ஆணையிடத்தக்கவன் ஒருவனே; அவனைப் பெயர் சொல்லிக் காட்டவும் வேண்டுமோ? இவ்வசனத்திலிருந்து ஒரு சொல்லை மட்டும் பிரித்தெடுத்து, அதற்குத் தனியே அந்த அழகு உண்டா என்று பாருங்கள் என்கிறார் ஜுர்ஜானி. கோப்பு அழிந்தால் அழகு அழியும். அழகோடு பொருளும் அழியும்.

பொருள் அழிவதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மக்காவிலே ஸஃபா, மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே யாத்திரிகர் ஏழு முறை நடப்பர். அவ்வாறு செய்வதிற் குற்றமில்லை என்னும் கருத்தில் இரண்டாம் அத்தியாயத்தின் 158ஆம் வசனம் பேசுகிறது. உர்வா என்னும் இளைஞர் இதனைப் படித்துவிட்டு, குற்றமில்லை என்றால் செய்யாமலும் விடலாம் போலும் என்று எண்ணினார். நபியவர்களின் துணைவியாரும் தம் சிற்றன்னையுமான ஆயிஷா நாயகியாரிடம் அதனைச் சொன்னார். அம்மையார் உடனே மறுத்தார். அவன் சொல்வதுதான் பொருளென்றால், நடவாமல் விடுவதிற் குற்றமில்லை என்றல்லவா வசனம் இருந்திருக்க வேண்டும் என்று முதலில் வாக்கிய அமைப்பைக் காட்டினார். பின்பு நிகழ்ச்சியையும் விளக்கினார். இஸ்லாத்துக்கு முன் மனாத் என்னும் தெய்வத்தை வணங்கிவந்த மதீனத்து மக்கள் அக்குன்றுகளுக்கிடையே நடக்கத் தயங்கினர். அந்தத் தயக்கத்துக்கு விடையாகவே குற்றமில்லை என்ற சொல் வந்தது. சொல்லமைப்பும் சூழ்நிலையும் ஒன்றையொன்று விளக்குவதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. வசனம் இறங்கிய மொழியையே தாய்மொழியாகக் கொண்ட ஓர் அறிஞருக்கே இவ்விளக்கம் வேண்டியிருந்ததென்றால், மொழிபெயர்ப்பின் ஒரு துண்டை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல நாம் எம்மாத்திரம்!

தமிழ் மாணவனுக்கு இம்முறை புதியதன்று. செய்யுளுறுப்புகளை எண்ணும் தொல்காப்பியர் கூற்று, கேட்போர், களன், காலம் என்பவற்றையும் உறுப்புகளாக எண்ணினார். தோழி கூற்றைத் தலைவி கூற்றாகக் கொண்டால் அகப்பாட்டு என்ன ஆகும் என்பதைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அனைவரும் அறிவர்.

அந்தத் துண்டுத் தாள்

குறித்த நாளில் மாணவன் வந்தான். ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்து, முதல் வசனத்திலிருந்து பதின்மூன்றாம் வசனம் வரை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அவன் தாளில் இருந்தது ஐந்தாம் வசனத்தின் நடுப்பகுதி மட்டுமே.

628ஆம் ஆண்டிலே ஹுதைபிய்யா என்னுமிடத்தில் நபியவர்களும் மக்காக் குறைஷியரும் பத்தாண்டுக்குப் போர் இல்லையென்று உடன்படிக்கை செய்தனர். ஈராண்டு கழியுமுன், குறைஷியரின் நட்புக் குலமொன்று முஸ்லிம்களின் நட்புக் குலத்தைத் தாக்க, உடன்படிக்கை முறிந்தது. 630இல் மக்கா நபியவர்கள் வசமாயிற்று. அதன் பின்னும் ஒப்பந்தங்களை மீறிவந்த அரபுக் குலங்களை நோக்கி, 631ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது பறைசாற்றப்பட்டது இந்த அத்தியாயத்தின் தொடக்கம். இரண்டாம் வசனம் அவர்களுக்கு நான்கு மாதத் தவணை கொடுக்கிறது. நான்காம் வசனம், ஒப்பந்தத்தைக் குறைவின்றிக் காத்த இணைவைப்போரை விலக்கி, அவர்களோடு தவணை முடியும்வரை வாக்குக் காக்கச் சொல்கிறது. ஐந்தாம் வசனம் போரைப் பணிக்கிறது. அதுவும், அவர்கள் மனந்திருந்தித் தொழுகையையும் ஸகாத்தையும் ஏற்றால் விட்டுவிடுமாறு கூறியே முடிகிறது. ஆறாம் வசனமோ, இணைவைப்போரில் ஒருவன் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, இறைவாக்கைக் கேட்கச் செய்து, அவனுக்குப் பாதுகாப்பான இடத்திற் கொண்டுபோய்ச் சேர்க்குமாறு கட்டளையிடுகிறது. வாக்கை முறித்தவர்களும் முதலிலே தாக்கியவர்களும் எதிரிகளே என்று பதின்மூன்றாம் வசனம் காரணம் சொல்கிறது.

ஒன்றை மறைத்தல் கூடாது. இடைக்கால உரையாசிரியருட் சிலர் ஐந்தாம் வசனத்தின் ஆட்சியை மிக விரிவாகக் கொண்டு, பொறுமையைப் போதிக்கும் வசனங்கள் பலவற்றை அது மாற்றிவிட்டதென்றனர். வேறு பலர் அதனை ஒப்பாது, வாக்கு முறித்த அக்காலத்துப் பகைவரை மட்டுமே அது சுட்டுமென்றனர். இவ்வாறு அறிஞரே வாதிட்ட இடத்தை ஒரு துண்டுத் தாள் ஒரே வரியில் முடித்துவைக்க முயல்வதுதான் வேடிக்கை.

படித்து முடித்ததும் மாணவன் கேட்டான்: "சேர், எனக்கு இதை எழுதிக் கொடுத்தவர் நாலாம் வசனத்தையும் ஆறாம் வசனத்தையும் படிக்கவில்லையா?"

"அதை அவரிடம் கேள். உன்னிடம் நான் வேறொன்று கேட்கிறேன். போரிடு என்று கண்ணன் அருச்சுனனுக்குச் சொன்னதை மட்டும் கிழித்தெடுத்து, குருக்ஷேத்திரத்தைச் சொல்லாமல், ஒருவன் உன்னிடம் நீட்டினால் என்ன செய்வாய்? சமணரைக் கடியும் தேவார வரிகளை மட்டும் காட்டி, இதுதான் சைவம் என்றால் ஒப்புக்கொள்வாயா?"

அவன் சிறிதுநேரம் பேசாமல் நின்றான். பின்பு தாளை மடித்து என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. அரை வரியால் விளைந்த மனத்தாங்கல் ஆறுவதற்கு இரண்டு கிழமை சென்றது. பின்னொருநாள் இருவரும் பழைய வாங்கில் ஒன்றாக இருக்கக் கண்டேன். முஸ்லிம் மாணவனிடம் தனியே விசாரித்தபோது அவன் சொன்னான்: "கேட்டதில் எனக்குக் கோபமில்லை, சேர். நானும் அந்த இடத்தை முழுதாகப் படித்திருக்கவில்லை. அதனால்தான் பதில் வரவில்லை. படிக்காமல் அவன் கேட்டான், படிக்காமல் நான் கோபித்தேன். இரண்டு பேரும் ஒன்றுதான்."

பெற்றோர்க்கும் மாணவர்க்கும் நான் கூற விரும்புவதும் இதுவே. எச்சமயத்தின் நூலாயினும், அதிலிருந்து வெட்டிய வரியொன்று நம் வீட்டு வாசலுக்கு வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்போம். யார் கூறியது? யாரை நோக்கி? எந்த வேளையில்? முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? விடை தெரியாதபோது, அந்நூலைப் போற்றிப் படிக்கும் அயலவரின் வீட்டுக்குச் சென்று பணிவோடு கேட்கலாம். எனக்குக் கதவு திறந்த மௌலவி, தேநீரும் தந்து, மூன்று மாலைப்பொழுதுகளை எனக்காகச் செலவிட்டார்.